ரோட்டரியா, செம்புக் குழாயா? டெஸ்லா காயிலுக்கு ஸ்பார்க் கேப்பை மாற்றிக் கட்டிய கணக்கு

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெஸ்லா காயிலை, அதாவது காற்றில் மின்கீற்று பாய்ச்சும் உயர் வோல்டேஜ் சுருளை, ஓட்டுவதற்கு முன்னால் அதன் ரோட்டரி ஸ்பார்க் கேப்பின் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். சுழலும் தட்டில் இருக்கும் கம்பிகள் அசையாத கம்பியை நெருங்கும்போது பொறி தாவும் இடம்தான் அந்த கேப். துணியின் நூல் எதிலோ சிக்கியது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால், டங்ஸ்டன் கம்பியைப் பிடித்திருக்கும் பித்தளைப் பிடி ஒவ்வொன்றையும் சுற்றி மயிரிழைக் கீறல்கள். அதில் இரண்டு விளிம்பு வரைக்கும் போய்விட்டன.

தட்டு பாலிகார்பனேட். சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்று நம்பித்தான் வாங்கினேன். அதைக் கெடுத்தது நான்தான். திருகு கழலாமல் இருக்கப் போடும் பசை இருக்கிறதே, அதைத் தாராளமாகத் தடவியிருந்தேன். அந்தப் பசை இரும்புக்கும் பித்தளைக்கும் நல்லது. பாலிகார்பனேட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் விஷம். இழுவிசையில் இருக்கும் இடத்தில் பட்டால் மெல்ல மெல்லக் கீறிக்கொண்டே போகும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மிக்ஸி மோட்டாரில் அந்தத் தட்டு சுமார் 6,000 ஆர்.பி.எம்.மில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பிகள் மையத்திலிருந்து 90 மி.மீ. தள்ளி இருக்கின்றன. கம்பியும் பிடியும் சேர்ந்து 25 கிராம். அந்த வேகத்தில் ஒவ்வொரு பிடியும் தட்டை வெளியே இழுக்கும் விசை கிட்டத்தட்ட 90 கிலோ! ஓர் ஆள் தொங்குகிற மாதிரி. அதுவும் நான்கு இடத்தில். அன்றைக்குக் காயில் ஓடவில்லை.

பழையபடியே கட்டுவதா, வேறு வகைக்கு மாறுவதா என்று இரண்டு மாதம் யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை. எனக்கு இருந்த வழிகள் நான்கு: அதே அசிங்க்ரனஸ் ரோட்டரி (மின்சார அலையோடு ஒட்டாமல் தன் போக்கில் சுழல்வது), சிங்க்ரனஸ் ரோட்டரி (அலையோடு பூட்டிக்கொண்டு சுழல்வது), அசையாத செம்புக் குழாய் கேப், ஸ்பார்க்கே வேண்டாம் என்று டிரான்சிஸ்டருக்குப் போய்விடுவது. கடைசி வழியை இப்போதே முடித்துவிடுகிறேன். ஐ.ஜி.பி.டி. என்கிற பவர் டிரான்சிஸ்டர் வைத்த காயில் நன்றாகவே வேலை செய்யும், பாட்டுக்கூடப் பாடும். ஆனால் அதற்கு முதன்மைச் சுற்று, கெப்பாசிட்டர், டிரைவர் எல்லாமே புதிதாக வேண்டும். அது பழுதுபார்ப்பு இல்லை, இன்னொரு காயில்.

முதலில் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள்

கேப் என்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் கெப்பாசிட்டரை நிரப்பும், கேப் தாவும், நிரம்பியது முழுக்க முதன்மைச் சுருளில் கொட்டி அதிரும், அந்த ஆற்றல் இரண்டாம் சுருளுக்கு ஏறியதும் கேப் அணைய வேண்டும். இது நொடிக்கு எத்தனை முறை, மின்சார அலையின் எந்த இடத்தில் நடக்கிறது என்பதில்தான் ஒவ்வொரு வகையும் வேறுபடுகிறது. எது பொருந்தும் என்பதைக் கெப்பாசிட்டரை நிரப்புகிற டிரான்ஸ்ஃபார்மர்தான் முடிவு செய்யும். இதை நான் தலைகீழாகச் செய்ததால்தான் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை இழந்தேன்.

என்னிடம் இருப்பவை நியான் போர்டு டிரான்ஸ்ஃபார்மர்கள். 15,000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர் கொண்ட இரண்டு, இணையாக. கடைப் பலகைகள் எல்.இ.டி.க்கு மாறியபோது கழித்துப் போட்ட பழைய இரும்புக்கோர் வகை. இப்போது கைக்கு அடக்கமாக வரும் எலக்ட்ரானிக் நியான் சப்ளைகள் இந்த வேலைக்கு ஆகாது. இரும்புக்கோர் வகையின் குணம், ஷார்ட் செய்தாலும் கரண்ட் ஓர் அளவுக்கு மேல் போகாது. கேப் தாவுகிற நேரமெல்லாம் ஷார்ட்தானே, அதனால் அது வசதி. ஆனால் அதே குணத்தால் கெப்பாசிட்டரோடு சேர்ந்து ஒத்ததிர்வுக்கு (ரெசொனன்ஸ்) போய், எழுதியிருக்கும் 15,000-ஐத் தாண்டியும் வோல்டேஜ் ஏறிவிடும். உள்ளே தார் ஊற்றிய காப்பு. அது ஒருமுறை துளைபட்டால் முடிந்தது.

நம் 50 ஹெர்ட்ஸில் 15,000 வோல்ட், 60 மில்லி ஆம்பியருக்கு ஒத்ததிர்வு வரும் கெப்பாசிட்டர் மதிப்பு சுமார் 12.7 நானோஃபாரட். அமெரிக்கக் குறிப்புகளைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: அவர்களுடையது 60 ஹெர்ட்ஸ், அவர்கள் அட்டவணையில் இதே டிரான்ஸ்ஃபார்மருக்கு 10.6 என்று இருக்கும். அசையாத கேப்புக்கு இந்த மதிப்பைப் போல ஒன்றரை மடங்கும், சிங்க்ரனஸ் ரோட்டரிக்கு இரண்டரை மடங்குக்குச் சற்று மேலும் வைப்பது வழக்கம். வேண்டுமென்றே ஒத்ததிர்வை விட்டுத் தள்ளிப்போவதற்காக. என்னுடையது 0.15 மைக்ரோஃபாரட், 2,000 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர்களை வரிசைக்கு 12 வீதம் இரண்டு வரிசை கட்டியது. மொத்தம் 25 நானோஃபாரட். இரண்டு கேப்புக்கும் நடுவில் ஒரு சமரசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழையபடியே: அசிங்க்ரனஸ் ரோட்டரி

கட்டுவதற்குச் சுலபம், பார்ப்பதற்கு அமர்க்களம். மிக்ஸி மோட்டாரோ கிரைண்டிங் மெஷின் மோட்டாரோ, வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வேகத்தைக் கூட்டக் கூட்டச் சத்தம் உறுமலிலிருந்து அலறலுக்கு ஏறும். என் தட்டில் நான்கு கம்பி, 6,000 ஆர்.பி.எம்., ஆகவே நொடிக்கு 400 தாவல்.

சிக்கல், அந்த 400-க்கும் வீட்டு மின்சாரத்தின் 50-க்கும் ஒட்டுறவு கிடையாது. கம்பிகள் எதிரெதிரே வரும்போது அலை உச்சியில் இருக்கலாம், பூஜ்ஜியத்தில் இருக்கலாம். 2.5 மில்லி நொடிக்கு ஒருமுறை கொட்டினால் என் டிரான்ஸ்ஃபார்மரால் கெப்பாசிட்டரை நிரப்பவும் முடியாது. சில தாவல் முழுதாக, சில தாவல் அரைகுறையாக, சிலது தாவாமலே போகும். தாவாமல் போன நேரத்தில்தான் வோல்டேஜ் தாறுமாறாக ஏறுகிறது. என் முதல் டிரான்ஸ்ஃபார்மர் போனது அப்படித்தான். சத்தம் எதுவும் இல்லை. மின்கீற்று திடீரென்று பாதியாகக் குறைந்தது, அப்புறம் ரோடு போடும் இடத்தில் வருகிற வாசனை. பெட்டியின் மூலையிலிருந்து தார் கசிந்து நின்றது.

விநியோக டிரான்ஸ்ஃபார்மர் போன்ற பெரிய சப்ளையை, கரண்டைக் கட்டுப்படுத்தும் தனி பாலாஸ்ட்டோடு ஓட்டுகிறவர்களுக்கு இதே கேப் அருமையானது. கெப்பாசிட்டரை நொடிக்கு 400 முறை நிரப்புகிற சக்தி அங்கே இருக்கிறது. நியான் டிரான்ஸ்ஃபார்மருக்கு இது வேண்டாம். வேகம் கூடினால் கீற்று நீளும் என்று நினைத்து மிக்ஸி மோட்டாரை முழு வோல்டேஜில் விட்டுப் பார்க்கவும் வேண்டாம். சுமை குறைவாக இருந்தால் அது 15,000-ஐத் தாண்டிப் போகும். மேலே சொன்ன 90 கிலோ அப்போது 500 கிலோவுக்கு மேல்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். “ரோட்டரி சுழன்று விலகுவதால் பொறி சீக்கிரம் அணைகிறது, அதனால்தான் அது உசத்தி” என்பார்கள். நானும் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் காயிலின் அதிர்வெண் சுமார் 200 கிலோஹெர்ட்ஸ். ஆற்றல் ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்கு ஏற மூன்று, மூன்றரை அதிர்வு போதும், அதாவது ஏறத்தாழ 17 மைக்ரோ நொடி. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் கம்பி அந்த நேரத்தில் எவ்வளவு நகரும்? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கம்பியின் தடிமனோ 3.2 மில்லிமீட்டர். ஆக, முதல் வாய்ப்பில் பொறியை அணைப்பது சுழற்சி இல்லை. காற்றோட்டமும், குளிர்ச்சியும், கீற்று ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதும்தான். ரோட்டரியால் கிடைப்பது வேறு: கம்பி சூடேறாமல் இருப்பது, தாவும் நேரம் நம் கையில் இருப்பது. அசிங்க்ரனஸ் வகையில் இரண்டாவது கிடையாது.

அசையாத கேப்: செம்புக் குழாயும் வாக்குவம் கிளீனரும்

இது ஏழையின் வழி என்று ஒரு எண்ணம் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏசி வேலைக்கு வாங்கும் 22 மி.மீ. செம்புக் குழாயை 75 மி.மீ. துண்டுகளாக எட்டு வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தினால் ஏழு சிறு கேப். எத்தனையைச் சேர்ப்பது என்று கிளிப்பை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மேலே மூடி, வாக்குவம் கிளீனரால் காற்றை உறிஞ்ச வேண்டும். ஒரு பெரிய பொறியை ஏழாகப் பிரித்துப் போடுவதால் ஒவ்வொன்றும் சீக்கிரம் குளிர்ந்து அணைகிறது.

இதன் பெரிய குணம், வோல்டேஜ் ஓர் அளவைத் தொட்டதும் தானே தாவிவிடும். அதற்கு மேல் டிரான்ஸ்ஃபார்மரை ஏறவிடாது. அதனால் நியான் டிரான்ஸ்ஃபார்மருக்கு இதைப்போலப் பாதுகாப்பு வேறெதிலும் இல்லை. அரைநாள் வேலை, பட்டறைக்குப் போக வேண்டாம், பறந்துவந்து அடிக்க ஒன்றுமில்லை.

குறை, இரண்டு மூன்று நிமிடத்தில் சூடேறிவிடும். சூடான செம்பில் தாவும் வோல்டேஜ் இறங்கும், கீற்று குட்டையாகும், சத்தம் ஒழுங்கில்லாமல் இருமும். குழாயில் கறுப்பு ஆக்சைடு படியும். பத்துப் பதினைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை உப்புத்தாள் போட வேண்டியிருந்தது. எனக்கு இதில் கிடைத்த கீற்று 70 செ.மீ. வாக்குவம் கிளீனர் சத்தத்தில் பேச முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேப்பின் சத்தமே காதைப் பிளக்கும், அது வேறு விஷயம்.

உங்களுக்கு லேத் பட்டறைப் பழக்கம் இல்லையென்றால், முதல் காயில் என்றால், இதோடு நின்றுகொள்ளுங்கள். உண்மையாகவே சொல்கிறேன். நான் மேலே போனதற்குக் காரணம், வீட்டின் பின்னால் கிடந்த ஒரு மோட்டார்.

சிங்க்ரனஸ் ரோட்டரி

நொடிக்கு சரியாக 100 முறை, ஒவ்வொரு அரை அலைக்கும் ஒருமுறை, அதுவும் நான் சொல்கிற இடத்தில் தாவ வேண்டும். அதற்கு மோட்டார் 1,500 ஆர்.பி.எம்.மில் பிசகாமல் ஓட வேண்டும். 1,499-கூட ஆகாது. இந்த யோசனை புதிதில்லை. டெஸ்லாவே 1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் மோட்டாரால் சுழலும் கேப்பை வைத்துத்தான் ஓட்டினார். 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கின் 5 கிலோவாட் மார்க்கோனி கருவியிலும் சுழலும் தட்டுதான். அதனால் அதன் சிக்னல் இசை போல ஒரே சுருதியில் கேட்டது. வானத்து இரைச்சலிலிருந்து பிரித்தறிய அது உதவியது.

கோயம்புத்தூர்க்காரனுக்கு 1,440 ஆர்.பி.எம். மோட்டாருக்கு என்ன பஞ்சம். எங்கள் வீட்டுப் பழைய டில்டிங் வெட் கிரைண்டரின் அரை எச்.பி. மோட்டார் கல்லை இழந்து சும்மா கிடந்தது. நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார். இது 1,500-ஐ எட்டாது, எப்போதும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே பின்தங்கும். ரோட்டரின் மேற்பரப்பில் 90 டிகிரிக்கு ஒன்றாக நான்கு தட்டைகளைச் சீவிவிட்டால், காந்தப் புலத்தைப் பிடித்துக்கொண்டு அதோடு பூட்டிக்கொள்ளும்.

தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் ரோட்டரைக் கொண்டுபோனேன். “ஏன் தம்பி, நல்ல ரோட்டரை எதுக்குச் செதுக்கச் சொல்ற?” என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்காமல் மில்லிங் மெஷினில் மாட்டினார். முதலில் 18 மி.மீ. அகலத்துக்கு மட்டும். 80 மி.மீ. ரோட்டரில் அது ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். வீட்டுக்கு வந்து ஓட்டினால் வெறும் தண்டாகப் பூட்டியது, தட்டை மாட்டியதும் வழுக்கியது. மறுபடி பட்டறை. 22 மி.மீ., ஆழம் ஒன்றரை. பூட்டியது. இதை ஒரே தடவையில் ஆழமாகச் சீவாதீர்கள். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. மோட்டாரின் பலம் நன்றாகவே குறைந்துவிடும், சூடும் கூடும். தட்டைச் சுழற்ற மிச்சமிருப்பது போதும்.

தட்டுக்கு ஹைலம் ஷீட் (பிசின் ஏற்றி அழுத்திய பலகை) மலிவாகக் கிடைக்கும். எடுக்கவில்லை. பொறி பக்கத்தில் இருந்தால் அதில் கரித்தடம் விழுந்து அதுவே மின்பாதையாகிவிடும். 6 மி.மீ. கிளாஸ் எபாக்சி ஷீட்டில் 230 மி.மீ. வட்டம் வெட்டினேன். வெட்டும்போதும் துளைக்கும்போதும் முகக்கவசம் அவசியம்; அந்தத் தூள் கண்ணாடி இழை. கம்பிகள் தட்டை ஊடுருவி நிற்கும், இரு பக்கமும் அசையாத கம்பி ஒவ்வொன்று, 0.8 மி.மீ. இடைவெளி. கம்பி, டிக் வெல்டிங்குக்கு விற்கும் 3.2 மி.மீ. டங்ஸ்டன். சிவப்பு முனை உள்ளதில் தோரியம் இருக்கிறது, கதிரியக்கம். அதைத் தீட்டித் தூளைச் சுவாசிக்க வேண்டாம். பச்சை முனை வாங்குங்கள். இந்த முறை திருகுக்குப் பசை இல்லை, ஸ்பிரிங் வாஷர்.

1,500-இல் அதே 25 கிராம் பிடி இழுப்பது ஆறு கிலோவுக்கும் கீழே. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு முடிவு எடுக்க முடிந்தது.

சோதனை

ஹை வோல்டேஜை முதல் வாரம் தொடவே இல்லை. தட்டைத் தண்டோடு இரண்டு கத்தி விளிம்புகளின் மேல் உருட்டினேன். ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் எதிர்ப்பக்கம் ஒரு வாஷர். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் வரை. அப்புறம் மூன்று பக்கம் பிளைவுட் அடைத்த பெட்டிக்குள் அரைமணி நேரம் ஓட்டினேன். தட்டு சுழலும் தளத்துக்கு நேரே நிற்கக் கூடாது. பறந்தால் அந்தத் தளத்தில்தான் பறக்கும்.

பூட்டியதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சுவிட்ச் போர்டில் இருக்கும் நியான் இண்டிகேட்டர் நொடிக்கு 100 தடவை மினுக்குகிறது. தட்டில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அறையை இருட்டாக்கி, அந்த விளக்கைப் பக்கத்தில் பிடித்தேன். ஒரு கோடு நான்கு கோடாகத் தெரிந்தது. சீவுவதற்கு முன்பு அந்த நான்கும் நொடிக்கு ஒரு சுற்றாகப் பின்னோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. 1,440 ஆர்.பி.எம். என்றால் அதுதான் கணக்கு. 18 மி.மீ. சீவலில் ரொம்ப மெதுவாக ஊர்ந்தன. 22-இல், சுவிட்ச் போட்டதும் ஊர்ந்து, தயங்கி, ஒரு சின்ன குலுக்கலோடு சிலை மாதிரி நின்றன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்தது பாதுகாப்பு கேப். டிரான்ஸ்ஃபார்மரின் முனைகளுக்கு நடுவே, நடுப்புள்ளி எர்த்தில். கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு முழு வோல்டேஜில் இது தாவாத குறைந்தபட்ச இடைவெளியில் வைக்க வேண்டும். சிங்க்ரனஸ் கேப் தானாகத் தாவாது, மோட்டார் நின்றால் திறந்தே இருக்கும். அப்போது டிரான்ஸ்ஃபார்மருக்கு இதுதான் கதி. ஆகவே மோட்டார் பூட்டிய பிறகுதான் ஹை வோல்டேஜ், ஹை வோல்டேஜ் நின்ற பிறகுதான் மோட்டார் நிறுத்தம்.

கடைசியாக நேரம் பிடிப்பது. மோட்டாரின் உடலை ஒரு வளையத் தாங்கியில் உட்கார வைத்திருக்கிறேன், திருப்பலாம். ஒரு டிகிரி திருப்பினால் மின்சார அலையில் இரண்டு டிகிரி. வேரியாக்கில் 90 வோல்ட் கொடுத்து ஆரம்பித்தேன். தவறான இடத்தில் பாதுகாப்பு கேப் படபடவென்று வெடிக்கும், காயில் சும்மா இருக்கும். நிறுத்து, மின்தடை வைத்த கம்பியால் கெப்பாசிட்டரை வெறுமையாக்கு, மூன்று டிகிரி திருப்பு, மறுபடி போடு. கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் குறுக்கிலும் 10 மெகாஓம் இருந்தாலும் நான் நம்புவதில்லை. முழு நிரப்பில் அதில் ஐந்தரை ஜூல் இருக்கிறது, ஆளைக் கொல்லும். 60 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரும் கொல்லும். ஓடும்போது திருப்பலாமே என்று கை துறுதுறுக்கும், கூடாது. ஒன்பதாவது தடவை பாதுகாப்பு கேப் அமைதியானது. பன்னிரண்டாவதில் கீற்று 90 செ.மீ., ஒரே சுருதியில், பழைய அலறல் இல்லாமல் கனமான உறுமல்.

எட்டு நிமிடம் விடாமல் ஓட்டினேன். கீற்று குட்டையாகவில்லை. டங்ஸ்டன் முனைகள் லேசாக மங்கியிருந்தன, அவ்வளவுதான். மோட்டார்தான் கை வைக்க முடியாத அளவு சூடு. பொறியைப் பார்க்க வெல்டிங் கண்ணாடி, காதுக்கு மூடி, ஓசோன் வெளியேறத் திறந்த ஜன்னல். காயிலின் அடிப்பக்க எர்த்தை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் தோட்டத்தில் தனிக் கம்பி அடித்திருக்கிறேன்.

செம்புக் குழாய் கேப்பைக் கழித்துவிடவில்லை. அதே முனைகளில் மாட்டும்படி மாற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். கண்காட்சிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எடுத்துப்போகும்போது அதுதான் வரும். பதினைந்து கிலோ மோட்டாரையும் சுழலும் தட்டையும் குழந்தைகள் பக்கத்தில் கொண்டுபோக எனக்குத் துணிச்சல் இல்லை.

மோட்டார் உடலும் தாங்கியும் சேரும் இடத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், சரியான நேரம் எது என்று தெரிய. கெப்பாசிட்டரில் இன்னொரு வரிசை சேர்த்தால் அந்தக் கோடு நகரும். அந்த வரிசைக்கான 12 கெப்பாசிட்டர்களும் வந்து மேசையில் இருக்கின்றன.